லெவலிங்: படியேற்றமா, மட்டமாக்கலா?

கட்டட வேலை செய்பவர் ‘லெவல் பாரு’ என்றால், தரை எந்தப் பக்கமும் ஏறாமல் இறங்காமல் சீராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். ஆன்லைன் கேம் ஆடுகிறவர் ‘லெவல் ஏத்திட்டு வந்துடறேன்’ என்றால், இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டு வருகிறேன் என்கிறார். முன்னவருக்கு மேடு தெரிந்தால் வேலை கெட்டது. பின்னவருக்கு மேடு ஏறுவதே வேலை. சொல் என்னவோ ஒன்றுதான்.

இந்த இரண்டாவது பொருள் எங்கிருந்து வந்தது, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தேடப் போனால், இப்படி லெவல் ஏற்றும் பழக்கத்துக்கே இன்னும் தேவை இருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. கேம் ஆடுகிறவர்கள் ஓயாமல் சண்டை போடும் கேள்வி அது. ஒரே சொல்லுக்குள் நாலைந்து பொருளைத் திணித்து வைத்ததால்தான் சண்டை முடியவில்லை என்பது என் எண்ணம்.

ரோல்பிளேயிங் கேமில், அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டில், எதிரியைக் கொன்றாலோ கொடுத்த வேலையை முடித்தாலோ அனுபவப் புள்ளிகள் சேரும். ஆடுகிறவர்கள் அதை ‘எக்ஸ்பி’ என்பார்கள். குறித்த அளவு சேர்ந்ததும் பாத்திரத்தின் பக்கத்தில் இருக்கும் எண் ஒன்று கூடும். உயிர்ப்பலம் ஏறும், புது மந்திரமோ புது அடியோ கிடைக்கும், அதுவரை போக முடியாத இடத்துக்குப் போகலாம். இப்படி எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதுதான் லெவலிங். அதற்காக ஒரே ஓநாயை நூறு முறை கொல்வதற்கு ‘கிரைண்ட்’ என்று பெயர். அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் சொல்வதும் அதைத்தான். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லிப்ரா’ என்றால் துலாக்கோல். ராசிகளில் துலாம் என்கிறோமே, அதற்கு மேற்கே பெயர் லிப்ராதான். சிறிய துலாக்கோல் ‘லிபெல்லா’. கட்டடக்காரர்கள் கிடைமட்டம் பார்க்கும் கருவிக்கும் அதே பெயர். அது பழைய பிரெஞ்சில் ‘லிவெல்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘லெவல்’ ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் பிறகு முதல் எழுத்தை மாற்றி ‘நிவெல்’ என்று சொல்லத் தொடங்கி, இன்று ‘நிவோ’ என்கிறார்கள். ஆக, பிறப்பில் இது சமன் பார்க்கும் சொல். 1640களில் இங்கிலாந்தில் ‘லெவலர்கள்’ என்று ஓர் அரசியல் குழு இருந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று வாதாடியவர்கள்; எல்லோரையும் மட்டமாக்கப் பார்க்கிறார்கள் என்று எதிரிகள் வைத்த பெயர் அது. இன்றைய ஆட்டக்காரரிடம் ‘லெவலர்’ என்றால், எல்லோரையும் முந்திக்கொண்டு மேலே ஓடுகிறவர் என்றுதான் நினைப்பார்.

சமன் பார்க்கும் கருவியின் பெயர் அந்தக் கருவி காட்டும் உயரத்துக்கும் ஆனது. உயரம் என்றானபின் கட்டடத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் ஆனது. அந்தத் தளத்தின் வழியாகத்தான் சொல் விளையாட்டுக்குள் நுழைந்தது.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம். அதில் நிலவறைக்குள் தளம் தளமாக இறங்க வேண்டும். முதல் தளம் எளிது, எட்டாவது தளம் கொடியது. எண் கூடக் கூட ஆழம் கூடும். பாத்திரத்தின் எண்ணோ கூடக் கூட உயரம் கூடும். இறங்குவதற்கும் லெவல், ஏறுவதற்கும் லெவல்.

பாத்திரத்துக்கு எண் கொடுக்கும் வழக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் பழைய கதை உண்டு. 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டில் ‘ஹீரோ’ என்பவன் நான்கு சாதாரண வீரர்களுக்குச் சமம், ‘சூப்பர்ஹீரோ’ எட்டுப் பேருக்குச் சமம். புதிய ஆட்டத்தில் நான்காம் லெவல் போர்வீரனுக்கு ஹீரோ என்றும், எட்டாம் லெவல்காரனுக்கு சூப்பர்ஹீரோ என்றும் பட்டம் வைத்தார்கள். இவன் எத்தனை பேருக்குச் சமம் என்ற கணக்கு அடியில் இருக்கிறது; துலாக்கோல் இன்னும் முழுதாக மறையவில்லை. அனுபவப் புள்ளியும் அங்கே கொலையால் மட்டும் சேரவில்லை. மீட்டு வந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி உண்டு. போர்வீரன் இரண்டாம் லெவலுக்கு 2,000 புள்ளி சேர்க்க வேண்டும், மூன்றாவதுக்கு 4,000, நான்காவதுக்கு 8,000. இரட்டித்துக்கொண்டே போகும் இந்தச் சரிவு இன்றுவரை நம்மை விடவில்லை. 2001இல் வந்த ‘ரூன்ஸ்கேப்’ என்ற ஆன்லைன் ஆட்டத்தில் ஒரு திறனை 99 வரை ஏற்ற 1,30,34,431 புள்ளி வேண்டும். அதில் பாதி எங்கே முடிகிறது தெரியுமா? 92ஆம் லெவலில். எண்ணைப் பார்த்தால் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் பாதி வழிதான் வந்திருப்போம்.

சொல் குழப்பம் கைகாக்ஸுக்கே தெரியும். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அவரே சொல்லியிருக்கிறார்: பாத்திரத்துக்கு ஒரு சொல், மந்திரத்துக்கு ஒரு சொல், அரக்கனுக்கு ஒரு சொல் என்று தனித்தனியே வைத்து, நிலவறைத் தளத்துக்கு மட்டும் ‘லெவல்’ என்று விடலாமா என யோசித்தார்களாம். ஏற்கனவே எல்லோர் வாயிலும் ஊறிவிட்டதே என்று நான்குக்கும் ‘லெவல்’ என்றே விட்டுவிட்டார்கள். அன்று சோம்பல் படாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

தமிழில் இந்தச் சோம்பலுக்குத் தேவையே இல்லை. நமக்குத் தனித்தனிச் சொற்கள் தயாராக இருக்கின்றன.

கலைச்சொல் பட்டியல்களில் ‘லெவல்’ என்றதும் முதலில் வந்து விழுவது ‘நிலை’. ‘நில்’ என்பதிலிருந்து பிறந்த சொல். மாடியின் அடுக்குக்கு நிலை என்பது பழந்தமிழ் வழக்கு. முல்லைப்பாட்டில் எழுநிலை மாடம் வருகிறது, கோபுரத்தை இன்றும் ஏழுநிலைக் கோபுரம் என்கிறோம். அதனால் நிலவறைத் தளத்துக்கு ‘நிலை’ அச்சாகப் பொருந்தும். பாத்திரத்தின் எண்ணுக்குத்தான் பொருந்தவில்லை. நிலை என்றால் நிற்பது, நிலைப்பது. ஏறிக்கொண்டே இருப்பதற்கு நிற்பதன் பெயரை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மேலும் 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ என்ற ஆன்லைன் ஆட்டத்தில் செத்துப்போனால் புள்ளி குறையும், சில சமயம் லெவலே ஒன்று இறங்கும். அங்கே எந்த நிலையும் நிலைக்காது.

‘கட்டம்’ என்பது மேடை மேடையாகத் தாண்டும் விளையாட்டுகளுக்கு நல்லது: ஐந்தாம் கட்டத்தை முடித்தேன் எனலாம். ‘தரம்’ அரக்கனுக்கும் ஆயுதத்துக்கும் சரி.

‘மட்டம்’தான் லத்தீன் வேருக்கு நேரான தமிழ். ரசமட்டம், நீர்மட்டம், கிடைமட்டம். அளவு, எல்லை என்று பொருள்படும் ‘மட்டு’ இதற்கு உறவு. மட்டுப்படுத்து, மட்டுக்கடங்காத என்பதெல்லாம் அந்தக் குடும்பம். ஆனால் ‘என் பாத்திரம் நாற்பதாம் மட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். மட்டமான சரக்கு, மட்டம் தட்டுவது, பள்ளிக்கு மட்டம் போடுவது என்று கூட்டமாகப் பின்னால் வந்து நிற்கும். உயர்வைச் சொல்ல இந்தச் சொல் உதவாது. வேறொன்றுக்கு உதவும், கீழே வருகிறேன்.

எனக்குப் பிடித்தது ‘படி’. ஏறக் கால் வைக்கும் இடம் படி. அளக்கும் பாத்திரமும் படி. கற்றுக்கொள்வதும் படி. மனதில் பதிவதும் படிதல். லெவலிங் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் இந்த ஒரு சொல்லில் வரிசையாக நிற்கின்றன. செயலுக்குப் ‘படியேற்றம்’, எவர்குவெஸ்ட்டில் நேர்வது ‘படியிறக்கம்’, மேக்ஸ் லெவல் ‘உச்சப்படி’. இப்போது கைகாக்ஸ் விட்டுவிட்டதைத் தமிழில் சொல்லிவிடலாம்: ஒன்பதாம் படி வீரன் எட்டாம் நிலையில் ஏழாம் தர அரக்கனைக் கண்டான். எந்த எண் எதைச் சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தச் சண்டைக்கு வரலாம். ஆன்லைனில் படியேற்றத்துக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும்போதுதான் அது சிக்கலாகிறது. தனியாக ஆடுகிறவருக்கு எண் எதுவானால் என்ன? நண்பன் இரண்டு மாதம் முன்பே தொடங்கி 55ஆம் படியில் நிற்கிறான், நான் நேற்று வந்தவன், ஆறாம் படி. அவன் பகுதிக்கு நான் போனால் ஒரே அடியில் சாவேன். என் பகுதிக்கு அவன் வந்தால் நான் வாள் ஓங்குவதற்குள் எல்லாவற்றையும் கொன்றுவிடுவான். சேர்ந்து ஆடத்தான் வந்தோம். எண் குறுக்கே சுவராக நிற்கிறது. இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு ஒரு ஆட்டத்தையே நான் விட்டிருக்கிறேன்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் ஆட்டத்தின் கதையைப் பார்த்தால் போதும். 2004இல் உச்சப்படி 60. ஆட்டத்தோடு புதுப் பகுதிகளைச் சேர்க்கும் விரிவாக்கங்கள் வர வர 70, 80, 85, 90, 100, 110 என்று 2018இல் 120 வரை போயிற்று. புதிதாக வருகிறவர் ஊர் கூடியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே 120 படி. 2014இலேயே 90ஆம் படிக்கு நேராகத் தூக்கிவிடும் ‘பூஸ்ட்’டைக் காசுக்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஏறுவதுதான் விளையாட்டு என்று சொல்லிவிட்டு, ஏறாமலிருக்கக் காசு வாங்கினால் அந்த ஏற்றத்தைப் பற்றி அவர்களே என்ன நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. 2020இல் 120ஐ 50 ஆகச் சுருக்கி, உச்சத்தை மறுபடி 60க்கே கொண்டுவந்தார்கள். ‘லெவல் ஸ்க்விஷ்’ என்றார்கள். படிச்சுருக்கம்.

இன்னொரு வழி, எதிரியையும் கூடவே வளர்ப்பது அல்லது ஆட்டக்காரரைக் கீழே இறக்குவது: ‘ஸ்கேலிங்’. 2012இல் வந்த ‘கில்ட் வார்ஸ் 2’இல் 80ஆம் படிக்காரர் தொடக்கப் பகுதிக்குப் போனால், அவர் பலம் அந்த இடத்துக்குத் தக்கபடி குறைக்கப்படும். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ 2016இல் உலகம் முழுவதையும் இப்படி மாற்றி, யாரும் யாருடனும் எங்கும் போகலாம் என்றது. இதற்குத்தான் ‘மட்டம்’ வேண்டும் என்றேன். இது மட்டமாக்கல். உயர்ந்தவரை மட்டம் தட்டி, தாழ்ந்தவர் பக்கத்தில் நிறுத்துகிறது. சமன் பார்க்கப் பிறந்த சொல் ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஏணியில் அலைந்துவிட்டு மறுபடி ரசமட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நண்பர்களைச் சேர்த்ததற்கு நான் மட்டமாக்கலைப் பாராட்டுவேன். ஆனால் அதற்கு விலை உண்டு. ஐந்தாம் படியில் என்னை ஓட ஓட விரட்டிய ஓநாய் நாற்பதாம் படியிலும் அதே அளவு விரட்டினால், நடுவே ஏறிய முப்பத்தைந்து படி எங்கே போயிற்று? புதுப் படி புதுத் திறன் எதையும் தராமல், எதிரி மட்டும் என்னோடு வளர்ந்தால், பழைய ஆயுதத்தோடு இருக்கும் நான் முன்னைவிட மெலிந்திருப்பேன். படியேறிக் குட்டையாவது வேடிக்கைதான்.

ஆக, எண் கூடுவதால் மட்டும் பயனில்லை. ஒவ்வொரு படியும் எதையாவது படிக்க வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உச்சப்படி வீரனுக்குத் திரையில் முப்பது பொத்தான் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கொடுத்ததைப் பழக்கி, அடுத்ததைக் கொடுப்பது படியேற்றத்தால் மட்டுமே நடக்கிறது. காசு கொடுத்து ஒரே தாவில் உச்சிக்குப் போனவரைக் குழுவில் சேர்த்துப் பாருங்கள், முப்பது பொத்தானையும் பார்த்து முழிப்பார். 2005இல் வந்த முதல் ‘கில்ட் வார்ஸ்’ உச்சப்படியை 20இலேயே நிறுத்தியது. கற்றுக்கொடுக்க அவ்வளவு போதும், பிறகு எந்தத் திறன்களைச் சேர்த்துக்கொள்கிறாய் என்பதில்தான் விளையாட்டு என்றது. 2003இன் ‘ஈவ் ஆன்லைன்’ பாத்திரத்துக்குப் படியே வைக்கவில்லை. திறன்கள் ஆடாத நேரத்திலும் கடிகாரத்தோடு வளரும். முதல் வாரத்தில் வந்தவர்கூடச் சின்னக் கப்பலில் பாய்ந்து எதிரிக் கப்பலைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கலாம். பெரிய கப்பல்கள் வந்து சுடும்வரை தாக்குப்பிடித்தால் போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. 2019இல் வார்கிராஃப்ட்டின் பழைய, மெதுவான 60 படிப் பதிப்பைத் திரும்ப வெளியிட்டார்கள். 2023இல் அதிலேயே ‘ஹார்ட்கோர்’ என்று தனி உலகங்களைத் திறந்தார்கள். ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரம் அவ்வளவுதான். அங்கே உச்சப்படியை எட்டாமலே செத்துப்போவது சாதாரணம். 23ஆம் படியில் குகைக்குள் நுழைவதா, சுற்றிப் போவதா என்று ஐந்து நிமிடம் யோசிப்பார்கள். அங்கே லெவலிங்தான் முழு விளையாட்டும். எண்ணுக்கு எடை வந்தது, அதை இழக்கவும் முடியும் என்பதால்.

மாதச் சந்தா வாங்கும் விளையாட்டுகளில் நேரத்தை இழுப்பதற்காகவே கட்டிய படிகளும் உண்டு. அவற்றைப் படி என்று சொல்லவே எனக்கு மனமில்லை. மாவரைப்பு என்று சொல்லிவிடலாம்.

சொற்களில் ஒன்றை மட்டும் தொடாமல் விடுகிறேன். யார் எதற்கு எதிராக என்ன வாதாடினாலும், கடைசியில் ஒருவர் நன்றாக ஆடிவிட்டால் வாயில் வருவது ‘வேற லெவல்’தான். ‘வேறு படி’ என்றால் ஒட்டாது. ‘வேறு மட்டம்’ என்றால் அடிக்க வருவார்.