பைபாஸுக்குப் பிறகு எப்போது ஓடலாம்?

"சார், மூணு மாசம் ஆயிடுச்சு, இனி ஓடலாமா?" இதய பைபாஸ் அறுவை முடிந்து என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில், முன்பே ஓடிப் பழகியவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. இந்த மூன்று மாதக் கணக்கு நெஞ்செலும்புக்கு உரியது. நடுவே பிளந்து கம்பி போட்டுக் கட்டிய எலும்பு ஓரளவு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், நன்றாகப் பலப்பட ஏறக்குறைய 12 வாரம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். எலும்பு கூடிவிட்டதாலேயே இதயம் ஓட்டத்துக்குத் தயார் என்று ஆகிவிடாது.

நான் முதலில் பார்ப்பது நடையைத்தான். அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடந்து, நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ இல்லாமல், மறுநாள் அசதி மிச்சமில்லாமல் எழுந்திருக்கிறாரா? அப்படியானால் இதய மருத்துவரிடம் ட்ரெட்மில் பரிசோதனைக்கு அனுப்புவேன்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடலுக்கு ஆகும் ஆக்ஸிஜனைப் போல விறுவிறு நடைக்கு நாலு மடங்கு ஆகிறது, மெதுவோட்டத்துக்கு ஏழு மடங்கு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடுகிற வழக்கமான புரூஸ் முறை ட்ரெட்மில் பரிசோதனையில் ஆறு நிமிடம் முடிக்கிறவர் சுமார் அந்த ஏழு மடங்கைத் தொடுகிறார். ஆனால் அதுவே அவருடைய உச்சம் என்றால், அந்த அளவில் கால்மணி நேரம்கூட ஓடக்கூடாது. ஒன்பது, பத்து மடங்கு வரை சிரமமில்லாமல் போகிறவருக்குத்தான் ஏழு மடங்கு தாங்கும். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்', அதாவது இதயத்துக்கு ரத்தம் குறைவதற்கான அறிகுறி இல்லை, என்று இருந்தால் போதும் என்று பலர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறார்கள். எத்தனை நிமிடம் நடந்தோம் என்ற வரியையும் பாருங்கள்.

அப்புறம் இந்த ஸ்மார்ட் வாட்ச். 52 வயதுக்காரர் ஒருவர், முன்பு பத்து கிலோமீட்டர் ஓடியவர். அதிகபட்ச நாடித்துடிப்புக்கான பொதுக் கணக்குப்படி 220-ல் வயதைக் கழித்து, அதில் 80 சதவீதமான 134-ஐ இலக்காகக் குறித்து வைத்திருந்தார். வாட்ச் 105-ஐத் தாண்டவே இல்லை. அதனால் ட்ரெட்மில்லின் வேகப் பட்டனை அழுத்திக்கொண்டே போனார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா... இருக்கு... சார்" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். காலையில் போட்ட, துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை அவருடைய நாடித்துடிப்பை ஏற விடவில்லை, அவ்வளவுதான். இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 220 கணக்கு உதவாது. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிந்தால் வேகம் சரி. 'மாத்திரையால்தான் ஓட முடியவில்லை' என்று நீங்களாக நிறுத்துவது ஆபத்து. திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பே வரலாம்.

மருத்துவர் சரி என்ற பிறகு நான் கொடுக்கும் தொடக்கம் சாதாரணமானது. பத்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், நாலு நிமிடம் நடை. இப்படி நாலைந்து சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழைய ஓட்டக்காரர்களுக்கு இது அவமானமாகத் தோன்றும். தோன்றட்டும். முடித்ததும் பத்து நிமிடம் மெல்ல நடக்காமல் சட்டென்று நின்றுவிட்டால் ரத்தம் கால்களில் தங்கி, பிரஷர் இறங்கி, கண் இருட்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும்.

இதயத்தில் செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள் அசிட்ரோம் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையில் இருப்பார்கள். அவர்களுக்கு இதயத்தைவிடத் தெருநாய்தான் எனக்குக் கவலை. விடிவதற்கு முன் மேடுபள்ளமான தெருவில் ஓட வேண்டாம். விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியலாம் என்பதால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி வராமலேயே இதயத்துக்கு ரத்தம் குறையலாம். வழக்கமான வேகத்திலேயே ஒரு நாள் திடீரென மூச்சு வாங்கினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, தாடை வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்தி உட்காருங்கள். சில நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தணிந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்செலும்பு 'கடக்'கென்று நகர்வது போல் இருந்தால், அது எத்தனையாவது மாதமானாலும், அறுவை செய்த மருத்துவர் பார்க்கும் வரை ஓட்டம் வேண்டாம்.