சப்வூஃபர்: குரைப்பில் பிறந்த சொல், பத்தரில் வாழும் ஒலி

கார் ஆடியோ கடையில் அரை மணி நேரம் நின்றால் தாழ்ந்த ஒலிக்கென்று மாட்டும் ஸ்பீக்கரின் பெயரை நான்கு விதமாகக் கேட்கலாம். சப்வூஃபர், சப் ஊஃபர், வெறும் ஊஃபர், அப்புறம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘பேஸ் பாக்ஸ்’. வாங்க வருகிறவர், விற்கிறவர், மாட்டுகிறவர் எல்லாரும் புழங்கும் சொல்தான். ஆனால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பலரும் ‘சீட்டுக்கு அடியில வைக்கிறதால சப்’ என்பார்கள். அது அப்படி வந்த பெயர் இல்லை.

நாய் குரைப்பது நம் காதில் ‘லொள்’ என்றோ ‘வள்’ என்றோ விழுகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அது ‘வூஃப்’. ஒரே ஸ்பீக்கரால் எல்லாச் சுருதியையும் நன்றாக ஒலிக்க முடியாது என்று தெரிந்து, மேல் ஒலிக்கு ஒன்று, கீழ் ஒலிக்கு ஒன்று என்று பிரித்தபோது, 1930-களில் இந்தச் செல்லப் பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. கீச்சிடும் சின்ன ஸ்பீக்கருக்குக் குருவியின் ‘ட்வீட்’டிலிருந்து ட்வீட்டர். கனத்த குரலில் ஒலிக்கும் பெரியதற்கு நாயின் ‘வூஃப்’பிலிருந்து வூஃபர். முன்னால் ஒட்டிக்கொண்ட ‘சப்’ லத்தீன் சொல். ‘கீழே’ என்று பொருள். அந்தக் கீழ், இருக்கைக்குக் கீழ் அல்ல. வூஃபர் நன்றாக ஒலிக்கிற சுருதிக்கும் கீழ். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் அடிமட்டத்து 20 முதல் 80 வரையிலான பகுதிதான் காரில் சப்வூஃபரின் பங்கு.

‘பேஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. அடித்தளம் என்ற பொருளில் வரும் ‘பேஸ்’ கிரேக்க வழி வந்தது. இசையில் வரும் ‘பேஸ்’, தாழ்ந்தது, குட்டையானது என்னும் பொருளுள்ள பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உச்சரிப்பு ஒன்று, தமிழில் எழுதினாலும் ஒன்று, வேர் மட்டும் வேறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒலியைக் கேட்டுப் பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை. உறுமுவதால் அது உறுமி. வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல்தான் அந்தக் கொட்டுக்குப் பெயரானது. வூஃபர் பிறந்த அதே வழி. அதை ஏற்கெனவே மேளத்துக்குச் சூட்டிவிட்டோம் என்பது மட்டும்தான் தடை. இல்லையென்றால் வூஃபருக்கு ‘உறுமி’யை விடப் பொருத்தமான சொல் கிடையாது.

தமிழிசையில் தாழ்ந்த தானத்துக்கு (ஸ்தாயிக்கு) மெலிவு என்று பெயர். அதற்கு மேலே சமன், வலிவு. இலக்கணப்படி மெலிவுதான் சரி. ஆனால் இன்றைக்கு மெலிவு என்றால் இளைத்தது, வலுவற்றது என்றே பொருள்படும். நெஞ்சை அதிர வைக்கும் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாறாக, கனத்து நீண்டு ஒலிக்கும் குரலைக் கேட்டால் ‘என்ன கார்வையான குரல்!’ என்று இயல்பாகச் சொல்கிறோம். தாள வாத்தியக்காரர்கள் கார்வை என்பதை நீட்டி நிறுத்துவதற்கும் சொல்வார்கள். கனம், நீட்சி இரண்டும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. ஆகவே வூஃபரைக் கார்வை ஒலிபெருக்கி என்றும், சப்வூஃபரை அடிக்கார்வை ஒலிபெருக்கி என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. அடித்தொண்டை, அடிவயிறு என்பதில் வரும் அதே ‘அடி’தான் இது. அந்த ஒலியை நாம் உணர்வதும் பெரும்பாலும் அடிவயிற்றில்தானே.

அடிக்கார்வை எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மிருதங்கத்தைப் பார்த்தால் போதும். கச்சேரிக்கு முன் வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது பக்கத்துத் தொப்பியின் நடுவில் அப்புவார். ஒரு தட்டு தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அப்புவார். எடை கூடக் கூடத் தோல் மெதுவாக அதிரும், ஒலி கீழே இறங்கும். சப்வூஃபரில் அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பு கனமாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கனமான பொருளை அசைக்க வலு வேண்டும். அந்த வலுவைத் தருவதுதான் ஆம்ப்ளிஃபையர்.

இங்கேதான் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் என்பது ‘பெரிதாக்குவது’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் வரும் ‘பெருக்கி’ அதற்கு அச்சு அசலான நிகர். இலங்கைப் பாடநூல்கள் ‘விரியலாக்கி’ என்கின்றன. (நாம் அதிர்வெண் என்பதை அவர்கள் மீடிறன் என்பது போல.) ஆனால் ஸ்பீக்கரைத்தான் நாம் காலங்காலமாக ‘ஒலிபெருக்கி’ என்று சொல்லி வருகிறோம். ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. பெருக்கி அனுப்பிய மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பம் கடையில் பணமாகவே போகிறது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் என்பது அது தாங்கும் அளவு. பெருக்கியில் எழுதியிருப்பது அது தரும் அளவு. ‘2000 வாட் ஸ்பீக்கர் வாங்கினேன், சத்தமே வரல’ என்று ஒரு தம்பி வருத்தத்தோடு என்னிடம் வந்தார். அட்டைப்பெட்டியில் 2000 என்பது கொட்டை எழுத்தில், கீழே பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் 400. அதை ஓட்டியதோ காரின் ஸ்டீரியோ. தொடர்ச்சியாக 20 வாட் தந்தாலே பெரிது. முன்னதை உச்சத்திறன் என்றும், பின்னதைத் தொடர்திறன் என்றும் எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள். வாங்கும்போது தொடர்திறனை மட்டும் பாருங்கள். ஸ்பீக்கரின் தொடர்திறனும், அதன் ஓம் (மின்தடை) அளவில் பெருக்கி தரும் தொடர்திறனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு 4 ஓம் சுருள் உள்ள ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம், தொடர் இணைப்பில் போட்டால் 8 ஓம். பெருக்கி 2 ஓமைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு இணைக்க வேண்டும்.

கூடவே உருகியையும் (ஃபியூஸ்) மறக்கக் கூடாது. 500 வாட் தரும் டி வகுப்பு என்னும் சிக்கன வகைப் பெருக்கி, நூற்றுக்கு எண்பது திறனோடு வேலை செய்தால், 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய கம்பி அதைத் தாங்காது. சுத்தச் செம்புக் கம்பி, பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் உருகி. கம்பி உரசித் தகட்டில் பட்டால் வண்டியைத் தீயிலிருந்து காப்பது அது ஒன்றுதான்.

இனி பெட்டி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சொல்லும் இங்கேதான் சிறக்கிறது. என்க்ளோஷர் என்றால் ‘சூழ அடைப்பது’. பெட்டி என்றால் எதையாவது உள்ளே வைப்பதற்கானது. பெட்டி என்று சொல்லிச் சொல்லியே அதை ஸ்பீக்கரை வைக்கும் இடமாக மட்டும் நினைத்துவிட்டோம். பெட்டி செய்யும் ஆசாரியிடம் “உள்ளே 30 லிட்டர் வரணும்ண்ணா” என்றபோது அவர் நிமிர்ந்து, “லிட்டரா? தண்ணியா ஊத்தப் போறீங்க?” என்றார். காற்றைத்தான் அளக்கிறோம் என்று விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சங்கத் தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது. யாழின் உள்ளீடற்ற குடம் போன்ற உறுப்புக்குப் பத்தர் என்று பெயர். அது நரம்பை வைக்கும் பெட்டி அல்ல. யாழின் பாதி அதுதான். பெரும்பாணாற்றுப்படை யாழின் வாயை, நீர் வற்றிய சுனை போல ‘இருள்தூங்கு வறுவாய்’ என்கிறது. சப்வூஃபர் பெட்டியில் குழாய் வைத்த துளைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வரும். என்க்ளோஷருக்குப் பத்தர், போர்ட்டுக்கு வறுவாய். இரண்டையும் மனமார முன்மொழிகிறேன்.

பத்தர் எதற்கு? கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. தாழ்ந்த ஒலியில் முன்னால் எழும் அலையும் (முன்னலை) பின்னால் எழும் அலையும் (பின்னலை) சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னலையை முழுதாக அடைத்துவிட்டால் அது மூடிய பத்தர். உள்ளே சிக்கிய காற்றே கூம்புக்குச் சுருள்வில்லாக (ஸ்பிரிங்) நிற்கும். 1954-இல் அமெரிக்க ஒலிக்கருவி வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் இதை வைத்துத்தான் சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியைக் கொண்டுவந்தார். பின்னலையை வறுவாய் வழியே திருப்பி, முன்னலையோடு சேர்த்துவிட்டால் அது திறந்த பத்தர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது சத்தம் மேலே மேலே ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே காற்று குறையக் குறையச் சுருதி ஏறுகிறது. திறந்த பத்தரில் லிட்டர் கணக்கு தவறினால் நடப்பதும் அதுதான்.

எதைத் தேர்வது என்பதை ஸ்பீக்கரே சொல்லும். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்னும் ஒலிப் பொறியாளர்கள் இருவரும் வகுத்த அளவைகள் அதோடு வரும் தாளில் இருக்கும். அதில் எஃப்எஸ் (Fs, ஸ்பீக்கர் தானாக அதிரும் சுருதி) என்னும் எண்ணை க்யூஇஎஸ் (Qes, அந்த அதிர்வைக் காந்தமும் சுருளும் எவ்வளவு அடக்கும் என்பதைக் காட்டுவது) என்னும் எண்ணால் வகுங்கள். 50-க்குக் கீழே வந்தால் மூடியது, 100-ஐத் தாண்டினால் திறந்தது, நடுவில் வந்தால் இரண்டும் ஆகும். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் மூடியதையே சொல்வேன். காரின் சிறிய அறையே அடியொலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிடும். அளவில் சிறு பிழை வந்தாலும் ஒலி கெடாது. திறந்ததில் அளவு பிசகினால் ஒலி குழறும். வறுவாயின் சுருதிக்கும் கீழே போகும் ஒலியில் கூம்புக்குப் பிடிமானம் இல்லாமல் போய்ச் சேதமாகவும் கூடும்.

அந்தத் தம்பிக்காக 12 அங்குல ஸ்பீக்கருக்கு நாங்கள் செய்தது: உள் அளவு 45, 35, 20 செ.மீ. பெருக்கினால் 31.5 லிட்டர். ஸ்பீக்கரின் உடல் அடைக்கும் 2 லிட்டரைக் கழித்தால் 29.5. பலகை 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்தது). மூட்டுக்கு மூட்டு பசை, அதன்மேல் திருகு, உள்ளே ஒரு குறுக்குச்சட்டம்.

பசை காய ஒரு நாள் விட்டோம். ஸ்பீக்கரைப் பூட்டி, கூம்பை விரல்களால் மெதுவாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். சோம்பலாகத் திரும்ப வேண்டியது சட்டென்று திரும்பியது. எங்கோ காற்று போகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, ஆசாரி ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோனார். மூன்று மூலைகளில் புகை நேராக எழுந்தது. நான்காவதில் நடுங்கியது. “இங்கண்ணா,” என்றேன். அவர் பத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, மூலை நெடுகச் சிலிக்கானை இழுத்து வழித்தார். மறுநாள் அழுத்திப் பார்த்தபோது கூம்பு, நிதானமாக, மூச்சு விடுவது போல மேலே வந்தது.