குளத்தின் அடியில் படிவது: துப்புரவு ரோபோவை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அக்கா வீட்டுக்கு ஒரு பக்கம் பழைய ரப்பர் தோட்டம், மறுபக்கம் செம்பனை. முன்னால் போகும் செம்மண் சாலையில் குலை ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க ஓடும். வீட்டுக்குப் பின்னால் மாமா ஆசையாகக் கட்டிய சிறிய நீச்சல் குளம் இருக்கிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். பேரப்பிள்ளைகள் பயமில்லாமல் நீந்தப் பழக வேண்டும் என்பதற்காகவே கட்டினார். குனிந்து தேய்க்க முதுகு இடம் கொடுக்காததால், போன வருடம் ஈப்போவில் ஒரு துப்புரவு ரோபோ வாங்கினார். கடைக்காரர் தினமும் ஓட்டச் சொல்லியிருக்கிறார். குளம் வைத்திருக்கும் நண்பரோ வாரம் ஒருமுறை போதும் என்றிருக்கிறார்.

"யார் சொல்றத கேக்குறது தம்பி?" என்றார் மாமா.

ரோபோவின் வடிகட்டிக் கூடையைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தோம். மூன்று மூன்றாக விரியும் ரப்பர் இலைகள், ஈசல் சிறகு, தலைமுடி, மணல், சேறு போல் ஒட்டும் செம்மண். கேள்விக்கான பதில் அந்தத் தட்டில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன் இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ரோபோவுக்குள் ஒரு சிறிய பம்ப் இருக்கிறது. அது அடிப்பக்கத்து வாய் வழியாக நீரை இழுத்து, கூடை வழியாக வடித்து, முதுகுப்பக்கம் வேகமாக வெளியே தள்ளுகிறது. சுழலும் பிரஷ் அழுக்கைப் பெயர்த்துக் கொடுக்கும். ரப்பர் வார்களோ சக்கரங்களோ அதை நகர்த்தும். குளத்தின் பெரிய பம்புக்கும் இதற்கும் குழாய்த் தொடர்பு எதுவும் இல்லை. வயர் உள்ள ரோபோக்களில் வீட்டு மின்சாரத்தைக் கரையில் உள்ள டிரான்ஸ்பார்மர் 30 வோல்ட்டுக்குள் குறைத்து அனுப்பும். செலவும் குறைவு. 150 வாட் இழுக்கும் ரோபோ மூன்று மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது.

அது சுவரில் ஏறும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதுகுப்பக்கம் பீய்ச்சும் நீர், எதிர்விசையால் ரோபோவைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அடிப்பக்கம் நீர் இழுக்கப்படுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, அதுவும் சுவரைப் பிடிக்க உதவுகிறது. நீர்மட்டத்தைத் தொட்டதும் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். பிடி தளரும், மெல்லக் கீழே இறங்கும். பல்லி போல ஏறி இறங்கும் அந்தக் காட்சியைப் பார்க்கவே பிள்ளைகள் கரையில் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சரி, தட்டுக்கு வருவோம். முதலில் மண். நீரில் விழும் துகள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கும் என்பது அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதை ஸ்டோக்ஸ் விதி என்பார்கள். துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 0.1 மில்லிமீட்டர் மணல் ஒன்றரை மீட்டர் ஆழத்தை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டலுக்கு அசையாத நீரில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ ஏறக்குறைய நான்கு நாள். லாரி போன பின் சாலையில் மிதக்கும் செம்புழுதியில் இந்த மூன்றும் கலந்துதான் இருக்கின்றன.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. குளத்தின் பெரிய பம்ப் ஓடி நீர் கலங்கிக்கொண்டிருக்கும்போது ரோபோவை விட்டால், வண்டலில் பெரும்பகுதி தரைக்கே வந்திருக்காது. பம்பை நிறுத்தி இரண்டு மணி நேரம் பொறுத்துவிட்டு ஓட்டினால் வண்டல் படிந்திருக்கும், ரோபோவும் அள்ளிவிடும். மாமா இப்போது இரவு பம்பை நிறுத்துகிறார், விடியற்காலையில் ரோபோவை இறக்குகிறார். களிமண் விஷயம் வேறு. அது பெரும்பாலான கூடைகளின் வலைக்கண் வழியாக நழுவிப் போய்விடும். தினமும் நான்கு முறை ஓட்டினாலும் அந்தச் செம்மை போகாது. அதைத் திரட்டிக் கட்டியாக்கும் மருந்து போட்டு, படிய விட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும்.

மண்ணாவது கிடந்த இடத்தில் கிடக்கும், இலை அப்படிக் கிடக்காது. நீரில் ஊறத் தொடங்கிய ஓரிரு நாளிலேயே அதிலுள்ள சர்க்கரை, டானின் என்ற துவர்ப்புப் பொருள், பாஸ்பேட் எல்லாம் கரைந்து வெளியே வருகின்றன. தேயிலைத் தூளைக் கொதிநீரில் போட்ட மாதிரிதான், இங்கே கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. கரைந்த டானினைக் குளோரின் தாக்கும், அந்த வேலையில் தானும் செலவாகும். நம் உடம்பிலிருந்து வரும் வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்தால் குளோரமின் உண்டாகும். 'குளத்தில் குளோரின் அதிகம்' என்று நாம் நினைக்கும் அந்தக் காட்டமான வாசனை குளோரமினுடையது. கண் எரிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

குளோரினின் கொல்லும் சக்தி ஹைப்போகுளோரஸ் அமிலத்தில் இருக்கிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5ஐ ஒட்டி இருக்கும்போது நீரிலுள்ள குளோரினில் ஏறத்தாழ பாதிதான் அந்த வடிவில் இருக்கும். பிஎச் ஏற ஏற அது இன்னும் குறையும். வெயிலும் தன் பங்குக்குத் தின்னும். சயனூரிக் அமிலம் என்ற காப்பு இல்லாத நீரில், உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். ஏற்கெனவே இத்தனை பேர் பங்கு கேட்கும் குளோரினிடம், அடியில் அழுகும் இலைகளும் வந்து கை நீட்டுகின்றன. மிச்சம் குறைந்ததும் பாசி தலைகாட்டும்.

ஆகவே ரோபோவின் வேலையை நான் வெறும் பெருக்கும் வேலையாகப் பார்க்கவில்லை. இலை கரைவதற்கு முன் அதை வெளியே எடுப்பதுதான் அதன் உண்மையான பயன். கரைந்த பிறகு இலையின் சக்கையைத்தான் அது எடுக்கும், சாறு குளத்திலேயே தங்கிவிடும்.

இங்கேதான் நம் ஊர்ச் சூடு கணக்கில் வருகிறது. குளிர் நாட்டுக் குளம் 20 டிகிரியில் இருக்கும்போது நம் குளம் ஆண்டு முழுக்க 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. 10 டிகிரி ஏறினால் அழுகலும் பாசி வளர்ச்சியும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அங்கே ஒரு வாரம் தாங்கும் குளம் இங்கே மூன்று நான்கு நாளில் அதே நிலைக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை போதும் என்பது தோட்டத்துப் பக்கக் குளத்துக்குப் பொருந்தாது. மூடி போட்டு, யாரும் இறங்காமல் இருக்கும் குளத்துக்கு வேண்டுமானால் அது சரி.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். சாதாரண நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், தரை மட்டும், ஒன்றரை மணி நேரம். வாரத்தில் ஒருமுறை சுவரையும் சேர்த்து முழுச் சுற்று. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை கொட்டும்போது தினமும். ரப்பர் அமேசான் காட்டு மரம், 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் கன்றுகளாக நட்டார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் வறண்ட மாதம் வந்தால் இலையை உதிர்க்கும் வழக்கத்தை அது விடவில்லை. அந்த வாரங்களில் இலை மிதந்துகொண்டிருக்கும்போதே வலையால் அள்ளிவிடுவது இன்னும் நல்லது. ரோபோவின் கைக்கு எட்டுவது மூழ்கியது மட்டும்தான்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும் மழைக்கு மறுநாள் கட்டாயம் ஓட்ட வேண்டும். மழை ஓரத்து மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும், குளோரினையும் நீர்க்க வைக்கும். அன்றைக்கு முதலில் குளோரினையும் பிஎச்சையும் சோதித்துவிட்டுத்தான் மற்றது. குளோரின் அளவை அதிரடியாக ஏற்றும் நாட்களில் அது இறங்கும்வரை ரோபோவை நீரில் விடக்கூடாது. ரப்பர் பாகங்கள் வெளிறிக் கெட்டுப்போகும்.

கடைக்காரர் சொன்னபடி வருடம் முழுக்க தினமும் ஓட்டினால் குளத்துக்குக் கெடுதல் இல்லை. பிரஷும் வாரும் தேய்வதுதான் நஷ்டம். கூடையில் பாதிகூட நிறையாமல் ரோபோ திரும்பத் திரும்ப வெளியே வந்தால் இடைவெளியை ஒருநாள் கூட்டிப் பார்க்கலாம். நிரம்பி வழிந்தால் குறைக்க வேண்டும். காலண்டரைவிடக் கூடையை நம்புவேன்.

ஒரு தவறை மட்டும் நாங்கள் இரண்டு மாதம் செய்தோம். ஓட்டி முடித்த ரோபோவை அப்படியே குளத்தில் விட்டுவைத்தோம். கூடைக்குள் இருந்தாலும் இலை தண்ணீரில்தானே ஊறுகிறது! அடுத்த முறை ஓடும்போது குளத்து நீரையெல்லாம் அந்த அழுகல் வழியாகவே வடித்திருக்கிறோம். இப்போது ஓடி முடித்த கையோடு மாமா அதைத் தூக்கி, கூடையைக் கழுவி, நிழலில் வைக்கிறார். வெயிலில் கிடந்தால் வயரின் மேலுறை வெடித்துவிடும்.

அப்புறம் ஒருநாள் ரோபோ சுவரில் பாதி ஏறி வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. பழுது என்று பயந்து மாமா எனக்குப் போன் செய்தார். முதலில் கூடையைப் பார்க்கச் சொன்னேன். கூடை அடைத்திருந்தால் நீரோட்டம் குறையும், சுவரில் அழுத்தும் விசையும் குறையும். கூடை சுத்தமாக இருந்தது. "சுவர்ல கைய வச்சுப் பாருங்க" என்றேன். வழவழவென்று இருக்கிறது என்றார். கண்ணுக்குப் பச்சை தெரிவதற்கு முன்பே நுண்ணுயிர்கள் கூடி ஒரு கோழைப் படலம் போட்டிருந்தன. அந்தப் படலம் தடித்துவிட்டால் குளோரின் உள்ளே இறங்குவது கடினம், பிரஷ் போட்டுக் கிழித்துவிட்டால் சுலபமாக இறங்கும். மழை வாரத்தில் மூன்று நாள் ஓட்டாமல் விட்டிருக்கிறார்கள். குளோரினும் குறைந்துபோயிருந்தது. நீள்கைப் பிரஷால் சுவரைத் தேய்த்து, குளோரினைச் சரிசெய்து, அளவு இறங்கியதும் இரண்டு நாள் தொடர்ந்து முழுச் சுற்று ஓட்டினோம். மூன்றாம் நாள் ரோபோ நீர்மட்டம்வரை ஏறியது.

இன்னும் மூன்று விஷயம். ரோபோ ஓடும்போது யாரும் குளத்தில் இறங்கக்கூடாது, டிரான்ஸ்பார்மர் கரையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, நனையாத இடத்தில் இருக்க வேண்டும். இடி கேட்கத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுங்கை சிப்புட்டில் அது மாலை நான்கு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கேட்கும். விடியற்காலையில் ஓட்டுவதற்கு அது இன்னொரு காரணம்.