திறந்திருக்கும் செஷன் எதற்கும் சாட்சி அல்ல

"எஸ்எஸ்எச் கான்ஃபிகை மாற்றினேன், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், டெர்மினல் நன்றாகத்தான் ஓடியது. மூடிவிட்டுப் போனேன். இப்போது சர்வருக்குள் போகவே முடியவில்லை." இந்தப் புலம்பலில் ஆள் மாறுகிறார், சர்வர் மாறுகிறது. நடுவில் வரும் "டெர்மினல் நன்றாகத்தான் ஓடியது" மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது. எனவே முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் வழி எஸ்எஸ்எச். அதற்காகச் சர்வரின் பின்னணியில் காத்திருக்கும் நிரல் எஸ்எஸ்எச்டி டீமன். அது ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி சைல்டு ப்ராசஸிடம், அதாவது தன்னிலிருந்து பிரியும் துணை நிரலிடம், ஒப்படைத்துவிடும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் செஷன் அந்தச் சைல்டுக்குள் ஓடுகிறது. உங்களை உள்ளே விடலாமா என்ற கேள்வி லாகின் ஆன நொடியிலேயே தீர்ந்துபோன விஷயம். அதற்குப் பிறகு டீமனை ரீலோடு செய்தாலும், ரீஸ்டார்ட் செய்தாலும், எழுத்துப்பிழையால் டீமன் எழாமலே கிடந்தாலும், உங்கள் செஷன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வாசல் பூட்டு வெளியிலிருந்து திறக்கிறதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஃபயர்வாலிலும் இதே கதைதான். ஏற்கனவே நிலைபெற்ற இணைப்புகளை விடு என்ற விதி அநேகமாக எல்லா ரூல் தொகுப்பிலும் முதலில் இருக்கும். எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டைத் திறக்காமல் எல்லாவற்றையும் மறுத்தாலும் பழைய இணைப்பு தாராளமாகப் பேசும். அடுத்துத் தட்டுபவருக்குத்தான் கதவு மூடியிருக்கும்.

"நான் இரண்டாவது டெர்மினல் திறந்துதான் பார்த்தேன்" என்பவர்களுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியின் எஸ்எஸ்எச் கான்ஃபிகில் கண்ட்ரோல்மாஸ்டர் என்ற இணைப்புப் பகிர்வு இயங்கினால், இரண்டாவது டெர்மினல் புதிய இணைப்பே அல்ல. பழைய இணைப்பின் மேலேயே ஏறி வந்துவிடும், அத்தாட்சி எதுவும் கேட்கப்படாது. சோதனைக்கு மட்டும் கண்ட்ரோல்பாத் என்ற அமைப்பை 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்று கொடுத்து இணையுங்கள். அந்த இணைப்பு உள்ளே வந்து, நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோவும் வேலை செய்த பிறகுதான் பழைய ஜன்னலை மூட வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இனி மாற்றும் முறை. கோப்பைத் தொடும் முன் தேதியிட்ட நகல் ஒன்று. மாற்றிய பின், ரீலோடுக்கு முன், சூடோவோடு எஸ்எஸ்எச்டி மைனஸ் டி, டெஸ்டுக்கான அந்தச் சிறிய எழுத்து. அது மௌனமாகத் திரும்பினால் இலக்கணம் சரி, அவ்வளவுதான். யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் அலவ்யூசர்ஸ் வரியில் உங்கள் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தாலும் அது மௌனமாகத்தான் இருக்கும். அர்த்தம் சரியா என்று பார்க்க அதே எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கொடுக்க வேண்டும். டீமன் உண்மையில் எந்த மதிப்பை எடுத்துக்கொள்ளும் என்று முழுப் பட்டியலாக வரும், அதில் க்ரெப் போட்டுத் தேடுங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்க்காததால்தான் "பாஸ்வேர்டு லாகினை நிறுத்தினேன், இன்னும் கேட்கிறதே" என்ற புகார் வருகிறது. எஸ்எஸ்எச்டி கான்ஃபிகில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வருவதே செல்லும். கடைசியில் வருவது வெல்லும் என்ற நினைப்பு மற்ற மென்பொருள்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். டெபியன், உபுண்டுவில் முதன்மைக் கோப்பின் உச்சியிலேயே, ஓர் அடைவிலுள்ள மற்றக் கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் இன்க்லூட் வரி இருக்கிறது. கிளவுட் இமேஜ்களில் 50 என்ற எண்ணோடு தொடங்கும் கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் சர்வரை அமைக்கும் கருவி) கோப்பு ஒன்று அந்த அடைவில் உட்கார்ந்து பாஸ்வேர்டு ஆதென்டிகேஷனுக்கு 'யெஸ்' சொல்லிக்கொண்டிருக்கலாம். நீங்கள் கீழே நூறு முறை 'நோ' எழுதினாலும் பயனில்லை. கோப்பின் கடைசியில் வரி சேர்ப்பதில் இன்னொரு வம்பும் உண்டு. அங்கே குறிப்பிட்ட பயனர்களுக்கோ முகவரிகளுக்கோ மட்டும் பொருந்தும் மேட்ச் பிளாக் ஒன்று இருந்தால் உங்கள் வரி அதற்குள் போய் விழுந்துவிடும். முதன்மைக் கோப்பைத் தொடாமல், 50-க்கு முன்பே படிக்கப்படும்படி 10 என்று தொடங்கும் பெயரில் தனிக் கோப்பை அந்த அடைவில் வையுங்கள், ரத்து செய்வதும் எளிது. போகிற போக்கில் ஒன்று: பாஸ்வேர்டை மட்டும் நிறுத்தினால் போதாது, கேள்வி-பதில் முறையான கீபோர்டு-இன்டராக்டிவையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பாம் (PAM) என்ற லினக்ஸ் அத்தாட்சி அமைப்பு வழியாக அதே பாஸ்வேர்டு உள்ளே வரும்.

போர்ட் எண்ணை மாற்றுபவர்கள் தயவுசெய்து பழையதை உடனே நீக்காதீர்கள். போர்ட் வரி இரண்டு இருக்கலாம், டீமன் இரண்டிலும் கேட்கும். புதியது வேலை செய்வதை உறுதிசெய்துவிட்டுப் பழையதை எடுங்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இயங்கும் கணினியில் அதன் செமனேஜ் கட்டளை மூலம் புதிய எண்ணுக்கு எஸ்எஸ்எச் போர்ட் வகையைக் கொடுக்காவிட்டால் டீமனால் அதில் உட்காரவே முடியாது. உபுண்டுவில் 22.10 முதல் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருப்பது, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சாக்கெட் யூனிட். 24.04-இல் போர்ட்டை மாற்றினால் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு செய்து, சர்வீஸை அல்ல, எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நெட்வொர்க் கருவிகளோடு பழகியவர்களுக்கு 'கமிட் கன்ஃபர்ம்டு' தெரியும். ஜூனிப்பர் கருவிகளின் இயங்குதளமான ஜூனோஸில் பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு தானாகத் திரும்பும். லினக்ஸ் சர்வரில் இதை நாமே செய்துகொள்ளலாம், ஏனோ யாரும் செய்வதில்லை. குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் சிஸ்டம்டி-ரன்னில் ஆன்-ஆக்டிவ் 10 நிமிடம் என்று கொடுத்து, நகலைத் திருப்பி வைத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் ஸ்கிரிப்ட்டை முன்கூட்டியே டைமரில் போட்டுவிடுங்கள். ரீலோடு வேண்டாம், செத்துக் கிடக்கும் டீமனை அது எழுப்பாது. புதிதாகச் சேர்த்த கோப்பை அழிக்கவும் ஸ்கிரிப்ட்டில் வரி வேண்டும். புதிய இணைப்பு வந்ததும் டைமரை நிறுத்துங்கள். ஐபி முகவரியை உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் மாற்றுவதானால் நெட்பிளான் அப்ளை வேண்டாம், நெட்பிளான் ட்ரை. 120 நொடியில் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்குத் திரும்பும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, கோப்பில் சேமிக்காத மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

பல நோடுகளில் (சர்வர்களில்) ஒரே வேலையைச் செய்ய லூப் எழுதுபவர்களுக்குத் தனி அர்ச்சனை. வைல்-ரீட் லூப்புக்குள் எஸ்எஸ்எச் வைத்தால், அது உங்கள் நோடு பட்டியலையே ஸ்டாண்டர்டு இன்புட்டாக விழுங்கிவிடும். முதல் நோடு மாறும், மற்றவை தொடப்படாது, பிழைச் செய்தியும் வராது. எஸ்எஸ்எச்சோடு மைனஸ் என் (-n) போடுங்கள். ரிமோட் கட்டளையை இரட்டை மேற்கோளில் எழுதினால் டாலர் மாறிகள் உங்கள் கணினியிலேயே விரிந்துவிடும், எல்லா நோடுகளுக்கும் உங்கள் மடிக்கணினியின் ஹோஸ்ட்நேம் போய்ச் சேரும். சூடோ எக்கோ என்று எழுதி அம்புக்குறியால் கோப்பில் தள்ளினால் அம்புக்குறிக்கு சூடோ உரிமை கிடையாது, சூடோவோடு ஓடும் டீ (tee) கட்டளைக்கு பைப் செய்யுங்கள். கோப்பில் வரிகளை மாற்றும் செட் (sed) எடிட்டர் தேடிய வரியைக் கண்டுபிடிக்காவிட்டாலும் வெற்றி என்றே 0 திருப்பும். ஆகவே மாற்றியபின் க்ரெப் போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்எச் 255 திருப்பினால் பெரும்பாலும் இணைப்பே கிடைக்கவில்லை என்று பொருள். 0 அல்லாத வேறு எண் என்றால் ரிமோட் கட்டளை தோற்றது. இரண்டையும் ஒரே "ஃபெயில்டு" என்று பதிவு செய்யாதீர்கள். சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஹோஸ்ட் கீ சோதனையை 'நோ' ஆக்கி லூப் ஓட்டுவதையும் நிறுத்துங்கள். புதிய நோடுகளுக்காகத்தான் அக்செப்ட்-நியூ இருக்கிறது, மாறிப்போன கீயை அது ஏற்காது. முதலில் ஒரே ஒரு நோடு, அது சரியென்றால் மற்றவை.

நீண்ட அப்டேட்டை, இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள். டிஸ்க்குகளை மவுன்ட் செய்யும் பட்டியலான எஃப்எஸ்டேபைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்மவுன்ட் வெரிஃபை ஓட்டுங்கள். எஸ்எஸ்எச் இல்லாமலே நுழையும் கன்சோல் வழி உள்ளே போக முடிகிறதா, ரூட் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று சர்வர் நன்றாக இருக்கும்போதே பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டிக்கொண்டால் பதற்றத்தில் ரீபூட் பொத்தானைத் தொடாதீர்கள். எங்காவது யாருடைய பழைய செஷனாவது உயிரோடு இருந்தால் அதுவே வழி. இல்லையென்றால் செய்தியைப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. 'டைம்டு அவுட்' என்றால் முதலில் ஃபயர்வாலையும் நெட்வொர்க் பாதையையும் சந்தேகியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் டீமன் நலம், உங்கள் கீயையோ பெயரையோ தான் ஏற்கவில்லை. அப்போது கன்சோலில் ஜர்னல்சிடிஎல் காட்டும் பதிவுகளைப் பாருங்கள். டாட் எஸ்எஸ்எச் அடைவின் உரிமை எண் 700, ஆதரைஸ்டு கீஸ் கோப்பினுடையது 600 என்று இருந்தும் மறுத்தால், ஹோம் அடைவே குழுவுக்கு எழுதும் உரிமையோடு கிடக்கிறதா என்று பாருங்கள். அதுதான் கடைசியில் எல்லோரும் பார்க்கும் இடம்.