டொமைன் வாங்கும்போது இரண்டாம் வருட விலையைப் பாருங்கள்

சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துத் தருவது என் தொழில். போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி போன் செய்தார். "நாலு நாளா பையர்கிட்ட இருந்து ஒரு மெயிலும் வரல சார்." பார்த்தால் கம்பெனி மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், அதாவது டொமைனே காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் முன்பு வெப்சைட் செய்து கொடுத்தவரின் ஜிமெயிலுக்குப் போயிருக்கிறது.

நல்லவேளை, உடனே பணம் கட்டி மீட்க முடிந்தது. ஆனால் முதல் வருடம் 99 ரூபாய்க்கு வாங்கிய பெயருக்கு இப்போது ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், விற்பனையாளர்களிடம் வாங்கும் மொத்த விற்பனை விலையையே 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆக்கிவிட்டது. அதற்கும் கீழே விற்பவர் அந்தப் பணத்தை அடுத்த வருடம் நம்மிடம்தான் எடுப்பார். அதனால் சலுகை விலையை விட்டுவிட்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தை ஒப்பிடுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் லாபம் வைக்காமல் மொத்த விற்பனை விலைக்கே தருகிறது, டொமைன் முகவரிக்கு வரும் மெயிலை நம் ஜிமெயிலுக்கு அனுப்பிவைக்கும் மெயில் ஃபார்வர்டிங்கும் அங்கே இலவசம். ஆனால் நம் தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் நேம் சர்வராக அவர்களுடையதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஃபார்வர்டிங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று ஒவ்வொரு டொமைனும் எஸ்பிஎஃப் என்ற பதிவில் எழுதி வைத்திருக்கும். பையர் அனுப்பும் மெயில் ஃபார்வர்டிங் சர்வர் வழியாக வரும்போது, அந்தச் சர்வர் பையரின் பட்டியலில் இருக்காது. ஜிமெயில் சந்தேகப்பட்டு ஸ்பேமில் தள்ளலாம், வாங்காமலே திருப்பியும் அனுப்பலாம். நல்ல நிறுவனங்கள் எஸ்ஆர்எஸ் என்ற முறையில் உறை முகவரியை, அதாவது சர்வர்கள் பார்க்கும் அனுப்புநர் முகவரியை, தங்கள் பெயருக்கு மாற்றி அனுப்பும். மெயில் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்தையும் கலைக்காமல் விடும். வாங்கும் முன்பே எஸ்ஆர்எஸ் உண்டா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் நான் யாரையும் வாங்க விடுவதில்லை.

சோதிக்கும்போது வேறு ஒருவருடைய முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஜிமெயிலிலிருந்தே அனுப்பினால், அதே மெயில் திரும்பி வருவதை ஜிமெயில் இன்பாக்ஸில் காட்டாமல் விட்டுவிடும். வந்த மெயிலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் தேறினவா என்று தெரியும்.

இன்னொன்று, ஃபார்வர்டிங் மெயிலை வாங்கித் தரும், அவ்வளவுதான். பதில் எழுதினால் ஜிமெயில் முகவரியிலிருந்துதான் போகும். பையருக்குக் கம்பெனி முகவரியிலிருந்தே எழுத வேண்டுமென்றால் ஜோஹோ மெயில் போன்ற ஒன்றில் தனி அஞ்சல் பெட்டி வாங்கிவிடுங்கள், அந்தச் செலவு தகும்.

திருப்பூர்க்காரர் டொமைனை உடனே வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடத் துடித்தார். காலாவதிக்குப் பின் புதுப்பித்த பெயரை, காலாவதியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மாற்றினால், பணம் கட்டிப் புதுப்பித்த வருடம் கைவிட்டுப் போகலாம். அதனால் பொறுத்திருந்து, அப்புறம்தான் மாற்றினோம். பதிவு இப்போது அவர் பெயரில் இருக்கிறது. நினைவூட்டல்கள் அவருடைய சொந்த ஜிமெயிலுக்கு வருகின்றன.