தெருவில் நிற்கும் தண்ணீர் எந்தத் துறையுடையது?

மழை விட்டு ஆறு மணி நேரம் ஆகியும் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கிறது என்றால், அடைப்பு உங்கள் தெருவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரை சிக்கியிருக்கலாம். அந்தப் பாலம் ஒரு துறை, அதன் கீழே ஓடும் கால்வாய் இன்னொரு துறை, உங்கள் தெரு வடிகால் வேறொரு துறை. வெள்ளம் வரும் நேரத்தில் எந்தத் துறைக்கு போன் போடுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் தவிக்கிறார்கள். சென்னையையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களையும் வைத்து, எது யாருடைய வேலை, அவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

தெருவிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலும் சாலை நடுவில் இருக்கும் வட்ட மூடி கழிவுநீர்க் குழாயுடையது. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாலை ஓரத்தில் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ மூடி போட்டு ஓடுவது மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது. இரண்டும் தனித்தனிக் குழாய். அவசரத்தில் யாராவது கம்பியை விட்டு வட்ட மூடியைத் திறந்து மழைத்தண்ணீரை உள்ளே இறக்கிவிட்டால், அந்தக் குழாய் தாங்காது; கழிவுநீர் எதிர்த்து வந்து தரைத்தள வீடுகளின் கழிப்பறை வழியே பொங்கும். திறந்து கிடக்கும் மூடி தண்ணீருக்கு அடியில் தெரியாது. நடந்து வருபவர் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம்.

சரி, வடிகாலுக்குள் போன தண்ணீர் எங்கே போகிறது? தென்சென்னையையே எடுத்துக்கொள்வோம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போகும்; அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. வேளச்சேரிப் பக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாக அதே சதுப்பு நிலத்துக்கு வரும். சதுப்பு நிலம் நிரம்பினால் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம் வழியே கடல்.

இந்தப் பாதையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கீழ்க்கட்டளை தாம்பரம் மாநகராட்சியில் வருகிறது, பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் சென்னை மாநகராட்சியில். சதுப்பு நிலத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி வனத்துறையிடம். 2022-ல் அது ராம்சர் தளமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. மடுவும் பக்கிங்ஹாம் கால்வாயும் நீர்வளத் துறையிடம். மடுவுக்கு மேலே பழைய மாமல்லபுரம் சாலை போகிறது, அந்தச் சாலையின் மேல் மெட்ரோ ரயில் வேலை. பக்கத்தில் இருக்கும் பெரும்பாக்கம் ஊராட்சி. பெரும்பாக்கமும் முட்டுக்காடும் செங்கல்பட்டு மாவட்டம். ஒரே மழைத்தண்ணீர் கடலைச் சேர்வதற்குள் இரண்டு மாநகராட்சி, இரண்டு மாவட்டம், அரை டஜன் துறைகளைக் கடந்துவிடுகிறது. இதில் ஒரே ஒரு துறை தூர்வாராமல் விட்டாலும், மற்ற எல்லாரும் செய்த வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். கடலில் அலையேற்றம் இருக்கும் நேரத்தில் மழையும் கொட்டினால், முகத்துவாரம் திறந்திருந்தும் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்கு எந்தத் துறையையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முகத்துவாரத்தில் சேர்ந்த மணலை மழைக்கு முன்பே அள்ளினார்களா என்று கட்டாயம் கேட்கலாம்.

சட்டம் ஆட்சியருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம்

2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மூன்று அடுக்கு வைத்திருக்கிறது. நாட்டுக்குப் பிரதமர் தலைமையில் ஒரு ஆணையம், மாநிலத்துக்கு முதலமைச்சர் தலைமையில் ஒன்று, மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைமையில் ஒன்று. மீட்புப் படகும் நிவாரணமும்தான் இந்தச் சட்டத்தின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் நாம் அதிகம் பயன்படுத்த வேண்டியது அதன் 33-வது பிரிவு. பேரிடரைத் தடுக்கவோ அதன் பாதிப்பைக் குறைக்கவோ தேவையான நடவடிக்கையை எடுக்கும்படி, மாவட்டத்தில் உள்ள எந்த அதிகாரிக்கும், துறைக்கும், உள்ளாட்சிக்கும் மாவட்ட ஆணையம் உத்தரவு போடலாம். அந்த உத்தரவை நிறைவேற்ற அவர்கள் கட்டுப்பட்டவர்கள். 'அது எங்கள் துறை இல்லை' என்ற பதிலை முடித்துவைக்கும் அதிகாரம் இது. வெள்ளம் வந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும் என்றும் இல்லை, தடுப்பதற்காகவே பயன்படுத்தலாம்.

மாவட்டத்துக்கென்று ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்கிறது 31-வது பிரிவு. மாவட்ட அளவில் உள்ள ஒவ்வொரு அரசு அலுவலகமும் உள்ளாட்சியும் தன் பங்குக்கு ஒரு திட்டம் எழுதி, அதன் நகலை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 32-வது பிரிவு. தண்ணீர் மாவட்ட எல்லையைத் தாண்டும்போது ஒரு ஆட்சியரின் உத்தரவு போதாது. அங்கே மாநில ஆணையம் வர வேண்டும். 2025-ல் வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய ஊர்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

துறைகள் சேர்ந்து வேலை செய்வது சென்னைக்கு எவ்வளவு அவசியம் என்பதை 2021 நவம்பர் மழை காட்டியது. அதன் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தணிப்புக்கான ஆலோசனைக் குழுவை அரசு அமைத்தது; 2023 மார்ச்சில் குழு இறுதி அறிக்கை கொடுத்தது. மழைநீர் வடிகால் வேலையும் ஆற்றுப் படுகை வாரியாகப் பிரிக்கப்பட்டது: அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கி, கொசஸ்தலையாற்றுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் படுகைக்கு ஜெர்மன் வங்கி என்று கடன் வந்தது. வார்டு எல்லையைப் பார்க்காமல் தண்ணீர் ஓடும் எல்லையைப் பார்த்து வேலை செய்வது நல்ல மாற்றம்.

ஏரி திறக்கும்போது

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ம் தேதி அங்கிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதும், அடையாறு கரை புரண்டதும் யாருக்கும் மறக்காது. மனிதர்களால் வந்த பேரிடர் என்றே அதைத் தணிக்கைத் துறை பிறகு எழுதியது.

இப்போது நடைமுறை வேறு. 24 அடி நிரம்பும்வரை காத்திருக்காமல், முன்னதாகவே சிறிய அளவில் உபரி நீரைத் திறக்கிறார்கள். திறப்பதற்கு முன் நீர்வளத் துறை மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுக்கிறது. அங்கிருந்து வருவாய்த் துறை, காவல் துறை, உள்ளாட்சிகளுக்குப் போகிறது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, அடையாற்றின் இரு கரை என்று ஊர்ப்பெயரோடு எச்சரிக்கை வரும். உங்கள் ஊர் பெயர் அதில் இருந்தால், முதல் அறிவிப்பிலேயே வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். பத்திரங்களையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். எச்சரிக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது முக்கியம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நடு இரவில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறி, தென்பெண்ணைக் கரையோரம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கின. அந்த நேரத்தில் போனில் வரும் செய்தியைத் தூக்கத்தில் யார் பார்ப்பார்கள்? தண்டோராவும் ஒலிபெருக்கி ஆட்டோவும் இன்னும் தேவை என்று நான் சொல்வது அதனால்தான்.

வானிலை ஆய்வு மையம் சொல்லும் அளவுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை.

எங்கே, எப்போது கேட்பது

சென்னை மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. 1913-ல் புகார் சொன்னால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். இதெல்லாம் மழை நேரத்துக்கு. அடைப்பை எடுக்க வைக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கான ஆய்வுக் கூட்டங்கள் நடப்பது அந்த நேரத்தில்தான். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், படத்தோடு, 33-வது பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம்.

நான் முன்பு குடியிருந்த ஒரு தெருவில், புதுச் சாலை போட்டவர்கள் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் வாயைத் தாரோடு சேர்த்து மூடிவிட்டார்கள். ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னால், 'சாலைதான் எங்களுடையது' என்றார்கள். இன்னொன்றில், 'மூடியவர்களே திறக்கட்டும்' என்றார்கள். இரண்டு மழைக்காலம் அப்படியே போனது. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'இந்தத் தெருவின் வடிகாலைப் பராமரிக்கும் அலுவலகம் எது, கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது' என்று கேட்டேன். அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, கேட்ட தகவல் தங்களிடம் இல்லை என்றால் மனுவை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நமக்கும் தெரிவிக்க வேண்டும். அப்படி மாற்றி அனுப்பிய கடிதத்தின் நகல்தான் எங்களுக்கு உதவியது. வடிகால் யாருடையது என்று அதில் எழுத்தில் இருந்தது. அதைக் காட்டியதும் கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். தாரை உடைத்தால் உள்ளே ஒரு சாண் தடிமனுக்குச் சிமெண்ட் கலவை கெட்டியாக இறுகியிருந்தது. அரை மணி நேர வேலை.

நிவாரணம்

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. 2022 முதல் 2026 வரைக்கான விதிகளின்படி, உயிரிழப்புக்கு 4 லட்சம், சேதமான குடிசைக்கு 8,000, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமாகியிருந்தால், பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000. மாநில அரசு தன் பங்காகக் கூட்டியும் கொடுக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு உயிரிழப்புத் தொகையை 5 லட்சம் ஆக்கியது, ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 கொடுத்தது.

கணக்கெடுக்க வருபவர் கிராம நிர்வாக அலுவலர். பயிர் என்றால் வேளாண்மைத் துறையும் சேர்ந்து பார்க்கும். அவர்கள் வருவதற்கு முன் வீட்டைக் கழுவ வேண்டியிருந்தால், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் விட்டுப்போனால் வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். சாதி, மதம் என்று சொல்லி யாரையாவது தள்ளி நிறுத்தினால் பேரிடர் சட்டத்தின் 61-வது பிரிவைச் சொல்லுங்கள். நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சம், மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.