ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் டேப் சுற்றாதீர்கள்

மறுபடியும் அதே கதை. பூமிக்குள் போகும் இரும்புக் குழாயில் ஓட்டை. ஒட்டுப் போட்டு, அந்த இரண்டு மீட்டருக்கு மட்டும் துரு தடுக்கும் புது டேப் சுற்றிக் குழியை மூடிவிட்டார்கள். சில மாதத்தில் அங்கேயே கசிவு. "டேப் மட்டம்" என்று சப்ளையர் மேல் பழி. டேப் நல்ல டேப்தான். வினையே அதுதான்!

சாதாரண மண் துருவென்றால் டேப் போதும். ஸ்ட்ரே கரன்ட்டுக்கு, அதாவது வேறெங்கிருந்தோ கசிந்து மண் வழியாகக் குழாயில் ஏறும் கரன்ட்டுக்கு, அது போதாது. டிசி கரன்ட் குழாயில் ஏறும் இடத்தில் இரும்பு பத்திரமாக இருக்கும். மண்ணுக்கு இறங்கும் இடத்தில்தான் கரையும். ஒரு ஆம்பியர் ஓராண்டு இறங்கினால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். அது ஒரு கிலோமீட்டருக்குப் பரவினால் கண்ணுக்கே தெரியாது. இறங்கும் இடத்தை டேப்பால் மூடினால், அத்தனையும் டேப்பில் உள்ள பொத்தல்களில் குவியும். ஒரு சதுர சென்டிமீட்டரில் வெறும் 1 மில்லிஆம்பியர் இறங்கினாலே 6.4 மி.மீ. சுவர் ஏழு மாதம் தாங்காது. டேப் சுற்றியே தீர வேண்டுமா? கரன்ட் ஏறும் பக்கத்தில் சுற்றுங்கள்.

"மெட்ரோதான் காரணம்" என்று சென்னையில் சொல்லாதீர்கள். இங்கே ஓடுவது 25 கிலோவோல்ட் ஏசி, அதன் தொல்லை வேறு ரகம். பெங்களூரு, கொல்கத்தா மெட்ரோக்கள் 750 வோல்ட் டிசி. அங்கே சந்தேகப்படலாம். இங்கே முதலில் பக்கத்துக் குழாயின் கேத்தோடிக் புரொடெக்ஷன் ரெக்டிஃபயரை, அதாவது அந்தக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க மண் வழியாக டிசி கரன்ட் அனுப்பும் கருவியைப் பாருங்கள்.

மண்ணில் காப்பர் சல்ஃபேட் எலக்ட்ரோடு வைத்து, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான வோல்டேஜைப் பதிவு செய்ய டேட்டா லாகரை 24 மணி நேரம் ஓடவிடுங்கள். பகலெல்லாம் ஆடிய கோடு நள்ளிரவில் ரயில் நின்றதும் அடங்கினால், ரயில்தான். ஆடாமல் ஒரே பக்கம் தள்ளி நின்றால், பக்கத்து ரெக்டிஃபயரை 12 விநாடி ஆன், 3 விநாடி ஆஃப் என்று வெட்டச் சொல்லுங்கள். ஆன் ஆகும்போது அளவு பாசிட்டிவ் பக்கம் நகரும் இடத்தில்தான் கரன்ட் இறங்குகிறது.

அந்தக் கரன்ட்டுக்கு மண்ணை விட்டு கேபிளில் வழி கொடுங்கள். ரயில் என்றால், அவர்கள் அனுமதியோடு சப்ஸ்டேஷன் நெகட்டிவ் பஸ்பாருக்கு (கரன்ட் திரும்பிச் சேரும் உலோகப் பட்டை) டயோடு வைத்த இணைப்பு. டயோடு இல்லாமல் கட்டினால் தண்டவாளம் பாசிட்டிவ் ஆகும் நேரத்தில் கரன்ட் குழாய்க்குள் பாயும். பக்கத்துக் குழாய் என்றால், இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ரெசிஸ்டர் வைத்த இணைப்பு, அல்லது குழாய்க்குப் பதில் தான் கரையும் மெக்னீசியம் ஆனோடு. குழாயில் கரன்ட்டைத் துண்டிக்கும் இன்சுலேட்டிங் ஜாயின்டைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். கரன்ட் மண் வழியாக அதைத் தாண்டிக் குதித்து ஒரு பக்கத்தைத் தின்னும்.

தயவுசெய்து, குழியை மூடும் முன் குழாயில் ஒரு டெஸ்ட் ஒயரையாவது இணைத்து மேலே கொண்டுவந்து விடுங்கள். அடுத்த முறை தோண்டாமலே அளக்கலாம்.